கதை எழுதுற பிள்ளைகிட்ட போனைப் பிடுங்குறதுக்கு முன்னாடி: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு, வணக்கம்.

காலாண்டு ரேங்க் கார்டுல கையெழுத்து போட வந்தப்ப மூணு அம்மாங்களும் ஒரு அப்பாவும் தனித்தனியா வந்து ஒரே விஷயத்தைச் சொன்னாங்க. டீச்சர், புள்ள ராத்திரியில போனும் கையுமா இருக்கு, கேட்டா கதை எழுதுறேங்குது, யாருன்னே தெரியாதவங்க அதுக்கு கமெண்ட் போடுறாங்க, நீங்க கூப்பிட்டு கண்டிச்சு விடுங்கன்னு. சரின்னுதான் சொன்னேன். ஆனா கண்டிக்கணும்னா என்ன எழுதுறாங்கன்னு முதல்ல படிக்கணும் இல்லையா, அதனால அந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்திகிட்ட, ஒன்பதாம் வகுப்பு, காட்டுறியாம்மான்னு கேட்டேன். ரொம்ப நேரம் தயங்கிட்டுத்தான் காட்டுச்சு. மதிய சாப்பாட்டு நேரத்துல படிக்க ஆரம்பிச்சவ பெல் அடிச்சும் எந்திரிக்கல. அதைப் பத்திதான் இந்தக் கடிதம். அவகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், பேரு சொல்லல, நீங்களும் யாருன்னு விசாரிக்க வேண்டாம்.

அவ எழுதுறது பூங்குழலி கதை. பொன்னியின் செல்வன்ல நம்ம கோடியக்கரையில இருந்து படகு ஓட்டுற பொண்ணு, அதே பூங்குழலி. கதை முடியுறப்ப சேந்தன் அமுதனைக் கல்யாணம் பண்ணிக்குவா, அவன்தான் உத்தம சோழன்னு தெரிய வரும், படகோட்டி பொண்ணு சோழ நாட்டு ராணி ஆயிடுவா. நாம எல்லாம் அதோட புத்தகத்தை மூடி வெச்சுட்டோம். இந்தப் பிள்ளை மூடல. அரண்மனைக்குப் போனவளுக்கு கடல் ஞாபகம் வராதான்னு கேட்டு, இதுவரைக்கும் எட்டு பாகம் எழுதியிருக்கா. இதுக்கு ஃபேன் ஃபிக்‌ஷன்னு பேரு. தனக்குப் பிடிச்ச கதையில வர்ற ஆட்களை எடுத்துக்கிட்டு, ஆசிரியர் விட்ட இடத்துல இருந்து ரசிகர்களே எழுதி, மத்த ரசிகர்கள் படிச்சு கருத்து சொல்றது. 2022-லயும் 2023-லயும் அந்தக் கதை ரெண்டு பாகமா படமா வந்துச்சே, அதைப் பாத்துட்டு புத்தகத்துக்குப் போன பிள்ளைங்கள்ல இவளும் ஒருத்தி.

பேருதான் புதுசு, பழக்கம் நம்ம வீட்டுப் பழக்கம்தான். கல்கி அந்தக் கதையை 1950-ல இருந்து 1954 வரைக்கும் வாராவாரம் எழுதினாரு. முடிச்சதும் வாசகர்கள் சும்மா விடல, அவங்க என்ன ஆனாங்க, இவங்க கல்யாணம் நடந்துச்சா இல்லையான்னு கேட்டுக் கேட்டு, கடைசியில அவரு தனியா ஒரு முடிவுரை எழுதி ஒவ்வொருத்தருக்கும் பின்னாடி என்ன ஆச்சுன்னு பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. புத்தகத்தோட கடைசியில இன்னைக்கும் அது இருக்கு, எடுத்துப் பாருங்க. அப்புறம் விக்கிரமன் அந்தக் கதையோட தொடர்ச்சியா நந்திபுரத்து நாயகின்னு ஒரு நாவலே எழுதினாரு. எங்க வீட்டுல அம்மா தொடர்கதைப் பக்கத்தை வாராவாரம் கிழிச்சு சேத்து பைண்ட் பண்ணி வெச்சிருந்தாங்க, பக்கத்து வீட்டு அக்காவும் அவங்களும் துணி துவைக்கிற இடத்துல நந்தினி பண்ணது சரியா தப்பான்னு சண்டையே போடுவாங்க. அந்தத் துவைக்கிற கல்லு இப்ப போனுக்குள்ள போயிருக்கு, அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மூணாவது பாகத்துல அவ முதல்ல எழுதினது இது: "பூங்குழலி மிகவும் சோகமாக இருந்தாள். அரண்மனை அவளுக்குப் பிடிக்கவில்லை. கடலை நினைத்து அழுதாள்." பரீட்சையில எழுதியிருந்தா நான் டிக் போட்டுட்டுப் போயிருப்பேன், தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா கீழ ஒரு வாசகர் கேட்டிருக்காங்க, அரண்மனைல என்னதான் பிடிக்கல அவளுக்கு, எங்களுக்கு ஒண்ணாவது காட்டுங்களேன்னு. ரெண்டு நாள் கழிச்சு அந்த இடத்தை மாத்தி எழுதியிருக்கா: "பன்னீர் கலந்த நீரில் குளித்து எழுந்தாள். நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். உப்பு இல்லை."

நான் 27 வருஷமா தமிழ் சொல்லிக் குடுக்குறேன். அந்த மூணாவது வரியைப் படிச்சப்ப டிபன் பாக்ஸை மூடி வெச்சுட்டேன். வேதாரண்யம் பக்கம் உப்பளக் காத்துல வளர்ந்த பிள்ளைக்குத்தான் அப்படித் தோணும், ஆனா அது தோணுறதுக்கு யாரோ ஒருத்தர் கேக்க வேண்டியிருந்துச்சு. நான் கேட்டதில்ல. அதை மறைக்க விரும்பல.

இன்னொரு இடம். ஐப்பசி மாசம் பூங்குழலி யாருக்கும் தெரியாம கோடிக்கரைக்கு வந்து படகை எடுத்துக்கிட்டு தெற்க இலங்கைப் பக்கம் போறா. இவ என்ன எழுதிட்டா, சோழகக் காத்து பாயை நிரப்புச்சு, படகு பறந்துச்சுன்னு. சோழகங்கிற வார்த்தை அழகா இருக்குன்னு போட்டிருக்கா போல. உடனே ஒருத்தர், அவரும் கடலோரத்து ஆளாத்தான் இருக்கணும், கமெண்ட்ல கேட்டுட்டாரு: தெக்க போற படகுக்கு தெக்கேயிருந்து வர்ற காத்து எப்படி பாயை நிரப்பும், அதுவும் ஐப்பசியில? பிள்ளை நேரா அவ தாத்தாகிட்ட போயிருக்கா. அவரு ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்து வடக்கேயிருந்து வீசுற வாடை எப்ப வரும், கொண்டல் எந்தப் பக்கத்துல இருந்து வரும், மேக்க இருந்து கச்சான் அடிச்சா கடல் எப்படி இருக்கும்னு சொல்லியிருக்காரு. அத்தனையும் அவ நோட்டுல எழுதி வெச்சிருக்கா, நான் பாத்தேன். இப்ப அந்த இடம் இப்படி இருக்கு: "வாடை முதுகில் வந்து மோதியது. பாய் ஒருமுறை படபடத்து, பிறகு நிமிர்ந்து நின்றது." அந்தத் தாத்தா இத்தனை வருஷம் வீட்டுல இருக்காரு, அவருக்குத் தெரிஞ்சதை இவ்வளவு கவனமா இதுக்கு முன்னாடி யாராவது கேட்டாங்களான்னு தெரியல.

ஒற்றுப்பிழை பத்தியும் சொல்லணும். ஆறாம் வகுப்புல இருந்து வல்லினம் மிகும் இடம், மிகா இடம்னு நாங்க கரும்பலகையில எழுதிப் போடுறோம், பிள்ளைங்க மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு மறந்துடுறாங்க. இவளோட முதல் பாகத்துல பாதி வரியில ஒற்று இல்ல, துடுப்பை பிடித்தாள், கடலை பார்த்தாள்னுதான் இருக்கு. எட்டாவது பாகத்துல தேடித்தான் ரெண்டு பிழை கண்டுபிடிச்சேன். எப்படிம்மான்னு கேட்டா, பதிவு போடுறதுக்கு முன்னாடி ஒரு அக்கா படிச்சுத் திருத்திக் குடுப்பாங்க டீச்சர், அவங்க பீட்டா ரீடர்ங்கிறா. அப்படி ஒரு வழக்கமே அங்க இருக்காம், ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் காசு வாங்காம படிச்சு பிழை பாத்துக் குடுக்குறது. அந்தக் காலத்துல அச்சகத்துல மெய்ப்பு பாப்பாங்களே, அது மாதிரி.

நம்ம வகுப்பறையில இதுக்கு இடமில்லாததுக்கு ஆசிரியர்கள் மேல குறை இல்ல. ஒரு வகுப்புக்கு நாப்பது கட்டுரை நோட்டு, ராத்திரி உக்காந்து திருத்தினாலும் சிவப்பு மையில வட்டம் போடத்தான் நேரம் இருக்கும், அந்தக் கட்டுரையை அதுக்கப்புறம் யாரும் திரும்ப எழுதப் போறதில்ல. படிக்கிறதும் ஒரே ஆளு, அந்த ஆளுக்கு கட்டுரையில என்ன வரும்னு முன்னாடியே தெரியும். அங்க அப்படி இல்ல, அடுத்து என்ன ஆச்சுன்னு உண்மையாவே தெரியாத முப்பது பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. புரியாம எழுதினா புரியலன்னு சொல்லுவாங்க, போர் அடிச்சா படிக்காம போயிடுவாங்க. அதுக்காகவே பிள்ளை ஒரு பத்தியை நாலு தடவை மாத்துது. நாம அடிச்சாலும் நாலு தடவை மாத்தாது.

இதை ஆராய்ச்சியாவே பண்ணியிருக்காங்க. 1998-ல தொடங்கின ஃபேன்ஃபிக்‌ஷன் டாட் நெட்ல, ஆங்கிலம் தாய்மொழியா இல்லாத இளவயசுப் பிள்ளைங்க எழுதி எழுதியே ஆங்கிலத்துல தேறி வந்ததை ரெபெக்கா பிளாக்னு ஒரு ஆய்வாளர் கவனிச்சு 2008-ல புத்தகமா எழுதினாங்க. அப்புறம் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் செசிலியா அரகனும் கேட்டி டேவிஸும் அதே தளத்துல இருந்த 17 கோடிக்கும் மேற்பட்ட கருத்துகளை வெச்சு ஆராய்ச்சி பண்ணினாங்க. கருத்து நிறைய வாங்கின எழுத்தாளர்களோட எழுத்துல சொல்வளம் கூடிக்கிட்டே போறது தெரிஞ்சுது. ஒரு பெரிய குரு கிடையாது, ஆளாளுக்கு ஒரு வரி சொல்றாங்க, எல்லாம் சேந்து ஒரு வாத்தியார் ஆயிடுதுங்கிறது அவங்க கண்டது. நம்ம பிள்ளைங்களுக்கு இது இன்னும் நல்லாப் பொருந்தும்னு நெனைக்கிறேன், ஏன்னா வீட்டுல பேசுற தமிழ் வேற, எழுதுற தமிழ் வேற, எழுத்துத் தமிழை எழுதிப் பழகுறதுக்கு பரீட்சையை விட்டா வேற இடமே அதுங்களுக்கு இல்ல.

உங்க பயம் எனக்குப் புரியுது, எனக்கும் பயம் இருக்கு. ரசிகர் கூட்டம்னு சொல்லிக்கிட்டு ஒரு நடிகருக்காக இன்னொரு நடிகரோட ரசிகரை அசிங்கமாத் திட்டுறதும் இதே போன்லதான் நடக்குது, அதுல எழுதுறதால எந்தப் பிள்ளைக்கும் தமிழ் வராது, அப்படி ஏதாவது பாத்தா நானே கண்டிப்பேன். பெரியவங்களுக்கான கதைகளும் இந்தத் தளங்கள்ல கலந்து கிடக்கு. ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் ரசிகர்களே விளம்பரம் இல்லாம நடத்துற களஞ்சியம், 2019-ல அறிவியல் புனைகதை உலகத்துல பெருசா மதிக்கிற ஹ்யூகோ விருதே வாங்கியிருக்கு. அங்க பெரும்பாலான கதைகளுக்கு மேல எந்த வயசுக்கானதுன்னு குறிப்பு இருக்கும், அதைப் பாக்கச் சொல்லிக் குடுங்க. பொதுவா இந்தத் தளங்கள்ல 13 வயசுக்குக் கீழ கணக்கு தொடங்கக் கூடாது. 18 வயசு வரைக்கும் பிள்ளையோட விவரங்களை எடுக்கணும்னா பெற்றோர் சம்மதம் வேணும்னு 2023-ல வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது, அதனால உங்களுக்குத் தெரியாம கணக்கு இருக்கவே கூடாது. புனைபேரு போதும், சொந்தப் பேரு, போட்டோ, ஊரு, நம்ம பள்ளிக்கூடத்துப் பேரு எதுவும் வேண்டாம். கதைக்குக் கீழ எல்லாரும் பாக்குற மாதிரி பேசுறவங்ககிட்ட பேசட்டும், தனியா மெசேஜ்ல வா, நம்பர் குடுன்னு யாரு கேட்டாலும் அன்னைக்கே உங்ககிட்ட சொல்லணும். சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்கன்னு பயந்தா எந்தப் பிள்ளையும் சொல்லாது, அதையும் யோசிச்சுக்கோங்க.

தூக்கம் கெடக் கூடாதுங்கிறதுல உங்க பக்கம்தான் நான். ஒன்பதரைக்கு போன் ஹால்ல சார்ஜுக்குப் போயிடணும்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டேன், ஒத்துக்கிட்டா. மீதியை நோட்டுல எழுதி மறுநாள் டைப் பண்றா, அது நல்லதாவே போச்சு, டைப் பண்றப்ப இன்னொரு தடவை திருத்திடுறாளாம்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்த வாரம் உங்க பிள்ளை என்ன எழுதுதுன்னு கேட்டுப் படிங்க. எழுத்துப்பிழையில ஆரம்பிக்காதீங்க, எனக்கு இந்த இடம் புரியல, இவன் ஏன் இப்படிப் பண்றான்னு கதையைப் பத்திக் கேளுங்க. படிக்கத் தெரியாத அம்மா அப்பா இருந்தா பிள்ளையைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க, வாய்விட்டுப் படிக்கிறப்பவே பாதிப் பிழை அதுக்கே தெரிஞ்சிடும். போனே இல்லாத வீட்டுப் பிள்ளைங்களுக்காக நூலகத்துல ஒரு பெரிய கோடு போட்ட நோட்டு வெக்கிறோம், வலது பக்கம் கதை, இடது பக்கம் படிச்சவங்க கருத்து. இந்தத் திங்கள்ல இருந்து ஆரம்பம். வர்ற சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துல அந்த நோட்டு மேசை மேல இருக்கும், நீங்களும் இடது பக்கம் எழுதலாம்.

ஒன்பதாவது பாகம் வெள்ளிக்கிழமை வருதாம். பூங்குழலி கரைக்குத் திரும்புவாளா மாட்டாளான்னு எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன், எனக்கும் சொல்ல மாட்டேங்குறா.

அன்புடன்,
தலைமையாசிரியர்