சொத்தைச் சுருட்டிய அண்ணனுக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு

முக்கூடல் சுற்றுவட்டாரத்து அன்பு மக்களுக்கு வணக்கம்.

என் முதல் புத்தகம் வெளிவந்துவிட்டது. பாளையங்கோட்டை விழாவில் ஏற்புரைக்குக் கிடைத்த நேரம், ஊளையிட்ட மைக்கைச் சரிசெய்வதிலேயே போய்விட்டது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். பெயர்கள் இருக்காது. போடக் கூடாது என்று பலர் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

முதல் நன்றி பீடி சுற்றும் பெண்களுக்கு. சீரியலில் நான் தங்கச்சி சொத்தைச் சுருட்டிய அண்ணன். 2021 அக்டோபரில் ஒன்றியக் கவுன்சிலர் பதவிக்குச் சுயேச்சையாக நின்று உங்கள் தெருவுக்குள் வந்தபோது, பலருக்கு என் முகம் பிடிபடவில்லை. வாயைத் திறந்ததும் பிடிபட்டுவிட்டது. 1000 பீடி சுற்றி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி, நேரத்துக்குக் கடையில் சேர்க்க வேண்டியவர்களுக்கு நிமிர்ந்து டிவி பார்க்க ஏது நேரம்? கண் தட்டில் இருக்கும். காதுதான் சீரியல் பார்க்கும்.

"ஏய்யா, அந்தப் பிள்ளைக்குச் சொத்தை எப்பம்யா குடுக்கப் போற?" என்று ஓர் ஆச்சி கேட்டார். நான் சிரித்துச் சமாளிப்பதற்குள் பக்கத்து வீட்டு மதினி, "மொதல்ல அவ பங்கைக் குடுத்துட்டு வாங்க, அப்புறம் ஓட்டைப் பத்திப் பேசுவோம்" என்றார். குடிநீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்டிருந்தால்கூட ஏதாவது பதில் வைத்திருந்தேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் எனக்கு உட்காரப் பாய் போட்டார்கள், தொட்டியின் கதையும் வெளியே வந்தது.

அந்தக் குரல் என்னிடமே தங்கியதற்குச் சென்னையில் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சீரியலில் நடிப்பவர் ஒருவர், குரல் கொடுப்பவர் இன்னொருவர் என்பது சாதாரணம். என் பேச்சில் திருநெல்வேலி வாடை அடிக்கிறது, வேறு ஆளைப் பேசவிடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். டப்பிங் அறையில் ஒரு சவுண்ட் இன்ஜினியர் மட்டும், இவரே பேசட்டும் என்று அடம்பிடித்தார். அவருக்கு நம் ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

அடுத்து, பச்சைச் சீட்டுப் பையன்கள். ஊராட்சித் தேர்தலில் மெஷின் கிடையாது. ஒருவருக்கு நான்கு ஓட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்பு, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், எனக்குப் பச்சை என்று சீட்டுக்குச் சீட்டு நிறம் மாறும். நம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானதால் 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களோடு நமக்குத் தேர்தல் நடக்கவில்லை. இடைவெளி விழுந்ததில் வயசாளிகளுக்கு எந்த நிறம் யாருக்கு என்பதே மறந்துபோயிருந்தது. இந்தப் பையன்கள் என்னைப் புகழ்ந்து நேரத்தை வீணாக்காமல், வீடு வீடாக நிறத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் ஜெயித்த வித்தியாசத்தைப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஒன்றிய அலுவலகத்தில் ஒரு எழுத்தர். என் மனுக்களைப் படித்துவிட்டு, "சார், இது வசனம். எந்தத் தெரு, எத்தனை வீடு, எப்ப இருந்து தண்ணி வரலை, அதை எழுதுங்க" என்பார். உருக்கமான வரிகளை எல்லாம் அடித்துவிடுவார். புத்தகத்தில் உள்ள கட்டுரைகளில் பாதி, அவர் அடித்துத் திருத்திய மனுக்களிலிருந்து வளர்ந்தவைதான். மெய்ப்பு பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கும், நான் தூக்கத்தில்கூட மனு எழுதியதைப் பொறுத்துக்கொண்ட என் மனைவிக்கும் வணக்கம்.

என்னை எதிர்த்து நின்றவரும் விழாவுக்கு வந்திருந்தார். கையெழுத்துப் போட்டு நீட்டியதை வாங்காமல், காசு கொடுத்தே வாங்கினார். "ஓசின்னா வாசிக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றார். அரசியலில் எனக்கு இவரைப் போல இன்னும் நாலு எதிரிகள் கிடைத்தால் நல்லது.

பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்ட முடியாது என்று மதினிமார்கள் சொல்லிவிட்டதால், முழுப் புத்தகத்தையும் நானே வாசித்துப் பதிவுசெய்து வருகிறேன். முடிந்ததும் பச்சைச் சீட்டுப் பையன்களிடம் கொடுத்துவிடுகிறேன். போனை அவர்களிடம் நீட்டுங்கள், ஏற்றித் தருவார்கள்.