முட்டுக்காடு பஸ்ல வந்த அக்காவுக்கு நன்றி
போன செவ்வாய்க்கிழமை முட்டுக்காட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான என்.ஐ.இ.பி.எம்.டி.க்கு ஆட்டிசம் இருக்கற என் பையனை தெரபிக்கு கூட்டிட்டு போறப்போ ஹாரன் சத்தத்துல அவன் காதை பொத்திக்கிட்டு கத்த ஆரம்பிச்சிட்டான், பஸ்ஸே திரும்பிப் பாக்குது, "புள்ளைய அடக்கத் தெரியாதா"ன்னு ஒருத்தர் வேற. பின்னாடி இருந்த அக்கா எந்திரிச்சு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தாங்க, அவனைத் தொடல, உத்துப் பாக்கல, ஒரு பேப்பர்ல ரெண்டே படம் வரைஞ்சு "முதல்ல பஸ், அப்புறம் ஊஞ்சல்"னு மெதுவா சொன்னாங்க, கொஞ்ச நேரத்துல அடங்கிட்டான். அவங்க பொண்ணுக்கும் ஆட்டிசமாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு, யூடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எடுத்துடும்மான்னாங்க. இறங்கறப்போ "நீ ஒழுங்கா தூங்குறியாம்மா"ன்னு கேட்டாங்க, இத்தனை வருஷத்துல யாருமே என்னைக் கேட்டதில்ல, அழுதுட்டேன். அவங்க பேர் கூட நான் கேக்கல. அந்தப் படம் இப்ப எங்க ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு அக்கா, ரொம்ப ரொம்ப நன்றி.