அமாவாசை பார்த்துப் போ

அன்புள்ள கயல்,

ஆகஸ்டில் செதாரா போகப்போவதாகச் சொன்னாய். (நகைக்கடைச் சேதாரத்தை நினைத்துக்கொள், ஊர்ப்பெயர் மறக்காது.) இடம் சரி, மாதம்தான் தப்பு. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி இத்தாலி முழுக்க விடுமுறை. ஏறக்குறைய 2,000 பேர் வாழும் ஊர் அது. கால் வைக்க இடம் இருக்காது. ஜூன் நடுவில் போங்கள், அதிலும் காலண்டரில் அமாவாசை பார்த்துப் போங்கள்.

சிரிக்காதே, காரணம் இருக்கிறது. ஊரே நெத்திலியால் பிழைக்கிறது. நம் நெத்திலிக்கு அக்கா முறை, கொஞ்சம் பெரிசு, அலீச்சி என்பார்கள். இருட்டில் படகு விளக்கைக் கடலுக்குள் அடித்தால் மீன் திரளும். சுற்றிலும் வலையை விட்டு அடியைச் சுருக்கித் தூக்குவார்கள், நம் சுருக்குமடி மாதிரி. நிலா காய்கிற இரவில் கடலெங்கும் வெளிச்சம்; படகு விளக்குக்கு மதிப்பில்லை. அதனால் பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் புது நெத்திலி கிடைப்பது கஷ்டம்.

போகிற வழி: நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் சலேர்னோ, அங்கிருந்து 10 கிலோமீட்டர் பஸ். டிக்கெட்டை ‘தபாக்கி’ என்ற புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்கு, திரும்புவதற்கும் சேர்த்து. சாயங்காலம் கடை சாத்தியிருந்தால் திண்டாட்டம். இடப்பக்கம், டிரைவர் பின்னால் உட்கார்; கடல் அந்தப் பக்கம். கடல் அமைதியாக இருந்தால் சலேர்னோவிலிருந்து படகே மேல். சிரோக்கோ என்ற தென்கிழக்குக் காற்று கிளம்பினால் படகை நிறுத்திவிடுவார்கள், அப்போது பஸ்தான் கதி. மாப்பிள்ளை கார் எடுக்கலாம் என்பார், விடாதே. மலையைக் குடைந்த ஒடுக்கமான சாலை, நிறுத்த இடமும் கிடையாது.

கடற்கரை கூழாங்கல், ரப்பர் செருப்பு வேண்டும். மேற்கே மலை நிற்பதால் பிற்பகலிலேயே நிழல் விழுந்துவிடும், குளிப்பதைக் காலையில் வைத்துக்கொள். கடற்கொள்ளையருக்குப் பயந்து கட்டிய பழைய காவல் கோபுரம் கரையிலேயே இருக்கிறது. அரை மணி நேரம் போதும்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். நெத்திலி வாங்கினால் வயிற்றைப் பார். வெடித்திருந்தால் பழசு, அதன் செரிமான நீரே வயிற்றுச் சுவரைக் கரைத்துவிடும். வெயிலில் கிடந்த மீனில் ஹிஸ்டமின் என்ற நச்சு சேரும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. முகம் சிவந்து தலை வலிக்கும். எலுமிச்சையில் ஊறிய பச்சை நெத்திலியைத் தட்டில் வைத்தால், ‘அபாத்துத்தோ?’ என்று கேள். அதாவது உறையவைத்துப் பக்குவம் பண்ணியதா என்று. மீனுக்குள் இருக்கும் அனிசாக்கிஸ் புழு எலுமிச்சைக்கும் வினிகருக்கும் சாகாது. -20 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால்தான் சாகும். இல்லையென்று சொன்னால் பொரித்ததைக் கேட்டு வாங்கு.

அந்த ஊரின் உயிர் ‘கொலாத்தூரா’ என்ற நெத்திலிச் சாறு. மார்ச் கடைசியிலிருந்து ஜூலை வரை பிடிக்கிற நெத்திலியின் தலையையும் குடலையும் விரலாலேயே கிள்ளி எடுத்து, செஸ்ட்நட் மரத் தொட்டியில் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு என்று நிரப்புவார்கள். மேலே வட்டப் பலகை, அதன்மேல் கல். ஊறி வரும் நீரை எடுத்து வெயிலில் வற்றவைத்து, இலையுதிர் காலத்தில் அதே தொட்டியில் திரும்ப ஊற்றுவார்கள். மீனடுக்குகளின் வழியே மெதுவாக இறங்கி, அடித்துளையில் சொட்டுச் சொட்டாக விழும். அடர்ந்த தேன் நிறம். கருவாட்டு வாசனை பழகிய மூக்குக்கு அது சொந்தக்காரன் மாதிரி. பழைய ரோமர்களின் காரும் என்ற மீன் சாற்றுக்கு வாரிசு என்பார்கள். 2020-இல் ஐரோப்பியப் பாதுகாக்கப்பட்ட பெயர் கிடைத்தது. லேபிளில் அந்த முத்திரையும், நெத்திலி, உப்பு என்ற இரண்டே பொருளும் இருக்கிறதா பார்த்து வாங்கு.

இதை விட்டு வீட்டில் ஸ்பகெட்டி செய்யும்போது பெரும்பாலோர் கெடுப்பது இரண்டு இடத்தில். ஸ்பகெட்டி வேகும் தண்ணீரில் உப்பு போடுவது ஒன்று. கொலாத்தூராவை அடுப்பில் சூடாக்குவது இன்னொன்று. சூடு பட்டால் நல்ல வாசனை ஓடிப்போய்க் கவிச்சிதான் மிஞ்சும். நாலு பேருக்கு 400 கிராம் ஸ்பகெட்டி. பாத்திரத்தில் 4 மேசைக்கரண்டி கொலாத்தூரா, 6 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், நசுக்கிய பூண்டுப் பல் ஒன்று, மிளகாய், பார்ஸ்லி எல்லாவற்றையும் பச்சையாகவே கலந்து வை. வெந்ததைச் சுடச்சுட அதில் கொட்டி, வேகவைத்த தண்ணீர் ஒரு கரண்டி விட்டுப் பிரட்டு. சீஸ் கூடவே கூடாது. ரசத்தில் விடலாமா என்று உன் புத்தி போகும். விடாதே, கொதியில் வீணாகும்.

பாட்டிலின் மூடியைச் செல்லோடேப்பால் இறுக்கிச் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பெரிய பெட்டியில் வை. கசிந்தால் மாப்பிள்ளையின் சட்டைகளைத் துவைத்து மாளாது. கைப்பையில்தான் கொண்டுவருவாய் என்றால் 100 மில்லி பாட்டில் வாங்கு, அதுவே எனக்குப் போதும்.

அன்புடன்,
அம்மா