எஸ்பிஎம் முடியட்டும்னு காத்திருக்காதீங்க, படிவம் 3-லயே கூட்டிட்டு போங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் சிலிம் ரிவர் பக்கத்துல இருந்து எழுதுறேன் ஐயா. செம்பனை பழம் ஏத்துற லோரி ஓட்டுறேன், பதினெட்டு வருஷமா இதே வேலதான். உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் விடாம படிப்பேன், எழுதுறது இதான் மொத தடவ. போன சனிக்கெழம கோலாலம்பூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துல திறந்த நாள் வச்சாங்க, சாஃப்ட்வேர் என்ஜினியரிங்னா என்ன, புரோகிராமிங்ல இப்ப புதுசா என்னென்ன வந்திருக்குனு பிள்ளைங்களுக்கு காட்டுறதுக்குனே வச்சது. எங்க தோட்டத்துல இருந்தும் பக்கத்து தோட்டத்துல இருந்தும் பதினோரு பேரு காசு போட்டு ஒரு வேன் பிடிச்சு போனோம், இங்கேருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். என் மகளுக்கு இப்ப படிவம் 3, அதாவது இடைநிலைப்பள்ளியில மூணாவது வருஷம். வேன்ல இருந்த மத்த பிள்ளைங்க எல்லாம் எஸ்பிஎம் (படிவம் 5-ல எழுதுற பரீட்ச) முடிச்சவங்க. "உன் மகளுக்கு இன்னும் நாளு கெடக்கே, இப்பவே எதுக்குப்பா"னு வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தாங்க. திரும்பி வரும்போது ஒருத்தரும் அப்படி கேக்கல. அது ஏன்னு சொல்லத்தான் இந்த கடிதம்.

அந்த மண்டபத்துல எனக்கு பக்கத்துல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, தெலுக் இந்தான் பக்கம் ஏதோ தோட்டமாம். மகன் எஸ்பிஎம்ல நல்லா எடுத்திருக்கான், ரிசல்ட்ட பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு நெஞ்சோட அணைச்சு வச்சிருந்தாங்க. பையனுக்கு சின்ன வயசுலேருந்தே கம்ப்யூட்டர் மேலதான் ஆச. ஆனா படிவம் 4 போகும்போது கூடுதல் கணிதம் கஷ்டம்னு கூட்டாளிங்க சொன்னத கேட்டு அத எடுக்காம விட்டுட்டான். கவுண்டர்ல இருந்தவங்க அன்பாத்தான் பேசுனாங்க, வழி இருக்கு, ஆனா மொத வருஷம் தனியா ஒரு மேட்ஸ் பாடம் சேத்து படிக்கணும், கொஞ்சம் சிரமமா இருக்கும்னு சொன்னாங்க. அந்த அம்மா என்கிட்ட திரும்பி, "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இத எனக்கு ஒருத்தரும் சொல்லலையே தம்பி"னு சொன்னாங்க. அந்த வார்த்த இன்னும் என் காதுலயே நிக்குது.

இதுதான் ஐயா விஷயம். பிள்ள எந்த பாடம் எடுக்கணும்ங்கிறது படிவம் 3 முடியிறப்பவே முடிவாயிடுது. கூடுதல் கணிதம் எடுக்கிறதா, கணினி அறிவியல் எடுக்கிறதா, பள்ளியில அந்த பாடம் இருக்கா இல்லையா (எல்லா பள்ளியிலயும் இல்ல, இல்லன்னா மாத்திக்கிட்டு போறதா), எல்லாம் அப்பவே முடிவு பண்ணணும். முன்னாடி படிவம் 3-ல பிடி3 பரீட்சனு ஒண்ணு இருந்துச்சு, அந்த ரிசல்ட் வர்ற நேரத்துலயாவது அப்பா அம்மா உக்காந்து யோசிப்பாங்க, 2022-ல அதையும் எடுத்துட்டாங்க. இப்ப பள்ளியில இருந்து ஒரு ஃபாரம் வரும், பிள்ள கூட்டாளிய பாத்து டிக் பண்ணும், நாம வேலைக்கு போற அவசரத்துல கையெழுத்து போட்டு கொடுத்துடுவோம். நானும் மூத்தவனுக்கு அப்படித்தான் போட்டேன், என்ன பாடம்னுகூட படிக்கல. திறந்த நாளுக்கோ எஸ்பிஎம் ரிசல்ட் கையில வந்தப்புறம்தான் போறோம்.

சரி, அங்க என்ன பாத்தேன்னு சொல்றேன். சாஃப்ட்வேர் என்ஜினியரிங்னா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து டைப் அடிக்கிறதுனுதான் நான் நெனச்சிருந்தேன். ஒரு மேசையில மூணாவது வருஷ பிள்ளைங்க ரெண்டு பேரு, ஒரு தமிழ் பொண்ணு ஒரு மலாய் பையன், வர்றவங்ககிட்ட எல்லாம் "உங்க வேலையில தெனமும் தொந்தரவு கொடுக்கிற விஷயம் ஒண்ணு சொல்லுங்க"னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் தீம்பாங் (லோரிய எடை போடுற மேடை) கதைய சொன்னேன். தெரியாதவங்களுக்காக சொல்றேன், மில்லுக்கு பழம் கொண்டு போனா லோரிய பழத்தோட ஒரு தடவ எடை போடுவாங்க, கொட்டிட்டு வெறும் லோரிய மறுபடி எடை போடுவாங்க, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழத்தோட எடை, அத வச்சுதான் எங்களுக்கு டிரிப் காசு. கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி ஒரு மில்லுல நல்ல மழ நாளு, கரண்டு போயி போயி வந்துச்சு, கம்ப்யூட்டர மறுபடி திறந்தப்ப என் லோரிக்கு முன்னாடி வந்த லோரியோட வெறும் எடையே என் கணக்குலயும் விழுந்துடுச்சு. அது என் லோரிய விட பெரிய லோரி. முன்னூறு கிலோவுக்கு மேல எனக்கு கொறஞ்சு போச்சு. நான் சொன்னா யாரு கேட்டா, கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுனு சொல்லிட்டாங்க.

அந்த பொண்ணு அத அப்படியே எழுதிக்கிச்சு ஐயா, ஒரு வார்த்த விடாம. அப்புறம் கேள்வி மேல கேள்வி. "அங்கிள், ரெண்டு எடைக்கும் நடுவுல எவ்ளோ நேரம் ஆகும்? நடுவுல இன்னொரு லோரி வந்தா? நம்பர யாரு டைப் பண்றாங்க, கேமராவா ஆளா? சீட்டு அடிச்சதுக்கு அப்புறம் திருத்த முடியுமா, திருத்துனா யாரு திருத்துனாங்கனு தெரியுமா?" அந்த மலாய் பையன் "பாக்சிக், கரண்டு போனா என்ன ஆகணும்னு நீங்க எதிர்பாக்கிறீங்க"னு கேட்டான். இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒருத்தரும் அப்படி கேட்டதில்ல. இந்த கேள்வி கேக்கிறதுதான் சாஃப்ட்வேர் என்ஜினியரிங்ல மொத வேலயாம், கோட் எழுதுறது அதுக்கு அப்புறம்தானாம். அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு, தோட்டத்துல வளந்த பிள்ளைக்கு இந்த வேலையில ஒரு பலம் இருக்கு, தீம்பாங்ல என்ன நடக்குதுனு அதுக்கு சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்ல.

அங்க இருந்த விரிவுரையாளர் ஒருத்தரு நின்னு பொறுமையா வெளக்கம் கொடுத்தாரு. சாஃப்ட்வேர் என்ஜினியரிங்ங்கிற பேரே 1968-ல ஜெர்மனியில கார்மிஷ்ங்கிற ஊர்ல நேட்டோ கூட்டின மாநாட்டுக்கு அப்புறம்தான் பரவுச்சாம், புரோகிராம் எல்லாம் பெருசாகிட்டே போகுது, தப்பும் செலவும் அடங்கல, பாலம் கட்டுற மாதிரி ஒரு முறையா செய்யணும்னு பேசுனாங்களாம். அப்புறம் என் தீம்பாங் கதைய கேட்டுட்டு ஏரியான் 5 ராக்கெட்ட பத்தி சொன்னாரு. 1996 ஜூன் 4, மேல போயி 40 செகண்டு வாக்குல வெடிச்சுடுச்சு. காரணம் என்னான்னா, ஏரியான் 4-ல நல்லா ஓடிக்கிட்டு இருந்த கோட அப்படியே புதுசுல போட்டிருக்காங்க, புது ராக்கெட் வேகம் ஜாஸ்தி, அந்த வேகத்தோட நம்பர் 16 பிட் பெட்டிக்குள்ள அடங்கல, அந்த பெட்டியில 32767 வரைக்கும்தான் நிக்கும். நல்ல வேளையா உள்ள ஆளு இல்ல, நாலு செயற்கைக்கோள் போச்சு. பழைய எடத்துல சரியா இருந்தது புது எடத்துல சரியா இருக்குமானு பாக்காம விட்டதுதான் தப்புனு அவரு சொன்னப்ப நான் என் முன்னூறு கிலோவ நெனச்சேன். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுனு இனிமே யாராவது சொன்னா அவங்களுக்கு பதில் சொல்ல எனக்கு தெரியும்.

அடுத்த மேசையில கிட் (Git)னு ஒரு சாஃப்ட்வேர் காட்டுனாங்க, கம்ப்யூட்டர ஓட்டுற லினக்ஸ செஞ்ச லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல எழுதுனது, எந்த வரிய யாரு எப்ப மாத்துனாங்கனு அத்தனையும் பதிவாயிடும், பழைய நெலமைக்கு திரும்பி போகலாம். ரஸ்ட்னு ஒரு புரோகிராமிங் மொழி காட்டுனாங்க, 2015-ல மொத முழு பதிப்பு வந்துச்சாம், சில வக தப்ப ஓட்டுறதுக்கு முன்னாடியே பிடிச்சு நிறுத்திடுமாம், அதுக்கு மேல எனக்கு புரியல. கண்ணுல மாட்டுற கண்ணாடி ஒண்ணுக்கு நீளமா வரிசை நின்னுச்சு, நாங்க நிக்கல.

ஏஐ பத்திதான் எல்லா அப்பா அம்மாவும் கேட்டாங்க. சாட்ஜிபிடி 2022 நவம்பர்ல வந்ததுல இருந்து, இனி கோட் எழுத ஆளே வேணாம்னு வாட்ஸ்அப்ல தெனம் ஒண்ணு வருது, அப்புறம் எதுக்கு இந்த படிப்புக்கு கடன் வாங்கணும்னு ஒருத்தரு நேராவே கேட்டுட்டாரு, நியாயமான கேள்விதான். விரிவுரையாளர் பதில் சொல்லாம அந்த பொண்ணுகிட்ட, "இவரு தீம்பாங் விஷயத்த ஏஐகிட்ட ரெண்டே வரியில கொடும்மா"னு சொன்னாரு. கொடுத்துச்சு. கொஞ்ச செகண்டுல ஒரு பக்கத்துக்கு கோட் வந்து விழுந்துச்சு, பாத்தா அழகா இருந்துச்சு, முழு எடையில வெறும் எடைய கழிச்சு சீட்டும் அடிச்சுச்சு. ஆனா நடுவுல கரண்டு போனா என்ன, ரெண்டு லோரி கலந்துட்டா என்ன, எதுவும் அதுல இல்ல, கேக்கவும் இல்ல. அந்த பொண்ணு தான் எழுதி வச்சிருந்த என் பதிலெல்லாம் ஒவ்வொண்ணா சேத்து கொடுத்தப்புறம்தான் கோட் மாறுச்சு, மாறினதுலயும் ஒரு தப்ப அந்த மலாய் பையன் சோதிச்சு பாத்து பிடிச்சான். நாளைக்கு இது எப்படி மாறும்னு அவரு சத்தியம் பண்ணல, சும்மா டைப் அடிக்க மட்டும் தெரிஞ்சவங்களுக்கு கஷ்டம்தான், கேக்கவும் சோதிக்கவும் தெரிஞ்சவங்களுக்கு வேல இருக்கும்னு நம்புறேன்னு சொன்னாரு. கண்ணால பாத்தப்புறம் நானும் நம்புறேன்.

இப்ப என் மக விஷயம். ஒரு எடத்துல பேரு அட்டை அடிச்சு கொடுத்தாங்க, டைப் பண்ணுனா பைத்தான்ங்கிற புரோகிராமிங் மொழியில எழுதுன புரோகிராம் எழுத்த எண்ணி அதுக்கு தக்கன சைஸ் போட்டு பிரிண்ட் பண்ணும். எல்லாரும் இங்கிலீஷ்ல அடிச்சாங்க. இவ தமிழ்ல "அப்பா"னு அடிச்சா. 5 எழுத்துனு காட்டுச்சு. "மூணு எழுத்துதானே இருக்கு, ஏன் அஞ்சு காட்டுது"னு கேட்டா. அங்க இருந்த பையனுக்கு பதில் தெரியல, அவன் கோவப்படவும் இல்ல சமாளிக்கவும் இல்ல, போயி அந்த தமிழ் பொண்ண கூட்டிட்டு வந்தான். கம்ப்யூட்டர்ல எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் கொடுக்கிற யூனிகோட் முறையில ப்-ங்கிறது ப ஒண்ணு புள்ளி ஒண்ணு, பா-ங்கிறது ப ஒண்ணு கால் ஒண்ணு, அதனால கம்ப்யூட்டருக்கு அஞ்சு துண்டு, நம்ம கண்ணுக்கு மூணு எழுத்துனு அது பேப்பர்ல எழுதி காட்டுச்சு. அப்புறம் அந்த பையன் பலகையில, கண்டுபிடிச்ச தப்புனு தலைப்பு போட்டிருந்த எடத்துல, இத எழுதி பக்கத்துல என் மக பேரையும் எழுதுனான். ஐயா, பதினஞ்சு வயசு பிள்ள, பள்ளியில வாயே திறக்காதுனு டீச்சர் சொல்ற பிள்ள, அந்த பலகைய போன்ல படம் எடுத்து வச்சிக்கிட்டு வேன்ல வந்த அத்தன பேருக்கும் அப்பா ஏன் அஞ்சு எழுத்துனு பாடம் எடுத்துக்கிட்டே வந்துச்சு.

நம்ம நாட்டு தமிழருக்கு இது புதுசும் இல்ல. முத்து நெடுமாறன் 1980-கள்லயே கம்ப்யூட்டர்ல தமிழ் வர்றதுக்கு வேல ஆரம்பிச்சவரு, கம்ப்யூட்டர்ல தமிழ் டைப் பண்ற முரசு அஞ்சல் அவரோடது, 2005-ல வந்த, போன்ல தமிழ் டைப் பண்ற செல்லினமும் அவரோடதுதான், நான் லோரியில உக்காந்து மனைவிக்கு தமிழ்ல மெசேஜ் அனுப்புறது செல்லினத்துலதான். மலேசியாக்காரர் செஞ்சதுனு என் மகளுக்கு அன்னிக்கு அந்த தமிழ் பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுது, நான் சொல்லியிருக்கணும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு பிடிக்கல. வெளியில சேர்க்கை மேசை போட்டு, இன்னிக்கே பதிஞ்சா இவ்ளோ கழிவு, லேப்டாப் இலவசம்னு ஒருத்தரு அந்த தெலுக் இந்தான் அம்மாவ விடாம பிடிச்சு வச்சிருந்தாரு. பேனா கையில கொடுத்துட்டாங்க. நாங்க ரெண்டு மூணு பேரு போயி, வீட்டுக்கு போயி யோசிச்சுட்டு வரட்டும்னு சொல்லி கூட்டிட்டு வந்தோம். பெத்தவங்க யாரும் அன்னிக்கே கையெழுத்து போடாதீங்க. அந்த படிப்புக்கு எம்கியூஏ (உயர்கல்வி படிப்புகளோட தரத்த பாக்கிற அரசாங்க அமைப்பு) அங்கீகாரம் இருக்கானு எம்கியூஏ பட்டியல்ல நீங்களே பாருங்க, போன்லயே பாக்கலாம். பிடிபிடிஎன்ங்கிற அரசாங்க கல்விக் கடன் அந்த படிப்புக்கு கெடைக்குமா, மொத்த பீஸ்ல எவ்ளோ அது தாங்கும், மிச்சம் யாரு கட்டுறதுனு கேளுங்க, யூபியுங்கிற விண்ணப்ப முறை மூலமா அரசாங்க பல்கலைக்கழகத்துக்கும் மனு போடுங்க.

இப்ப உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் ஐயா. இந்த திறந்த நாள் நடக்கிறது எங்களுக்கு எப்படி தெரிஞ்சுதுனா, வேன் டிரைவரோட மகன் இங்கிலீஷ்ல வந்த விளம்பரத்த இன்ஸ்டாகிராம்ல பாத்து சொன்னதால. எங்க ஊர்ல காலையில சாப்பாட்டுக் கடையில ரொட்டி சானாய்க்கு உக்காந்தா மேசையில உங்க பேப்பர்தான் கெடக்கும், அதுல ஒரு மூலையில தேதி, எடம், படிவம் 3 பிள்ளைங்களும் வரலாம்னு ரெண்டு வரி இருந்தா போதும், பத்து பேரு படிச்சு பத்து பேருக்கு சொல்லுவாங்க. பல்கலைக்கழகத்துக்காரங்களும் இத படிச்சா, வருஷத்துக்கு ஒரு தடவ அந்த மாதிரி மேசை நாலு எங்க பக்கம் கொண்டு வாங்க, தமிழ்ப்பள்ளி மண்டபமோ கோயில் மண்டபமோ கேட்டா கண்டிப்பா கொடுப்பாங்க, அந்த பொண்ணையும் அந்த பையனையும் மாதிரி ரெண்டு பேர அனுப்புனா போதும், பெரிய கண்ணாடியெல்லாம் வேணாம்.

என் மகளுக்கு பாட ஃபாரம் இந்த வருஷ கடைசியில வரும். இந்த தடவ நாங்க ரெண்டு பேரும் உக்காந்து படிச்சு பாத்துட்டுதான் கையெழுத்து போடுவோம். கூடுதல் கணிதம் எடுக்கிறதுனு அவளே சொல்லிட்டா. பக்கத்து தோட்டத்துல படிவம் 3 பிள்ளைங்க இன்னும் ஆறு பேரு இருக்காங்க, அவங்க அப்பா அம்மாகிட்ட பேசிட்டேன், அடுத்தது எப்பனு கேக்கிறாங்க. தேதிய ரெண்டு வாரம் முன்னாடி போடுங்க ஐயா, வேன் நாங்க பாத்துக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு லோரி டிரைவர்,
சிலிம் ரிவர், பேராக்