எழுத்துக்கு அகலம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இதழில் வாசகர் ஒருவர், கைப்பேசி இருக்கும்போது மின்னூல் படிக்க மின்வாசிப்பான் என்று தனியாக ஒரு கருவி எதற்கு, அது வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் என்று எழுதியிருந்தார். பஸ்ஸில் நின்றபடியே நாவல்களைப் படித்து முடித்ததாகவும் சொல்லியிருந்தார். படிக்கிற பிள்ளை என்று தெரிந்ததும் மனம் குளிர்ந்தது. ஆனாலும் அவர் சொன்ன முடிவை அப்படியே விட்டுவிட முடியவில்லை. மதுரை வடக்குமாசி வீதிப் பக்கத்து அச்சகங்களில் 34 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவன், அதாவது அச்சேறும் முன் பிழை பார்த்தவன் நான். எழுத்தின் அளவு, வரியின் நீளம், சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளி இவற்றைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. கைப்பேசியா, மின்வாசிப்பானா என்ற கேள்விக்குத் தமிழில் ஒரு தனிப் பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் அம்மாவுக்கு 84 வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் வாசிப்பை அவர் நிறுத்தவில்லை. வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைப்பார். அப்படிப் பதினேழு தொகுதிகள் இன்னும் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. இரண்டு கண்களிலும் புரை எடுத்தாகிவிட்டது. விழித்திரை தேய்ந்திருக்கிறது, கண்ணாடியால் ஆகக்கூடியது இவ்வளவுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தத் தொகுதிகளில் இருக்கும் எழுத்து, அச்சில் எழுத்தை அளக்கும் அலகில் சொன்னால், ஒன்பது பாயிண்ட். இன்று அம்மாவால் படிக்க முடிவது பதினெட்டுப் பாயிண்டுக்குக் குறையாத எழுத்தைத்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகள் தன் பழைய கைப்பேசியில் ஒரு வாசிப்புச் செயலியைப் போட்டுப் பாட்டியின் கையில் கொடுத்தாள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனோம். அம்மா “இப்போது தெரிகிறது” என்று சொன்ன இடத்தில் நிறுத்தினோம். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். ஒரு வரிக்குப் பத்துப் பன்னிரண்டு எழுத்துகள்தான் கொள்கின்றன. ‘உட்கார்ந்துகொண்டிருந்தாள்’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள், பதின்மூன்று எழுத்து. வரிக்குள் அடங்கவில்லை. அதற்கு முன்னால் இருந்த ‘அவள் அங்கே’ என்ற இரண்டு சொற்களையும் செயலி இழுத்துப் பிடித்து, ஒன்றை இடது ஓரத்திலும் மற்றொன்றை வலது ஓரத்திலும் நிறுத்தியது. நடுவில் வெறும் வெள்ளை. கீழே ‘உட்கார்ந்துகொண்டிருந்தா’ என்று ஒரு வரி. அதற்கும் கீழே தனியாக ஒரு ‘ள்’.

அச்சகத்தில் இப்படி ஒரு பக்கம் வந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பது அச்செழுத்துக் கோப்பவர் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் பாடம். சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம், ஒற்றெழுத்து மட்டும் அடுத்த வரியின் தலைக்குப் போகக் கூடாது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் சிறு சிறு சொற்கள், குறுகிய வரியிலும் நாலைந்து அடங்கிவிடும். தமிழில் வேர்ச்சொல்லோடு காலமும் இடமும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நீள்கிறது. அது நம் மொழியின் அழகு. அந்த அழகு தாராளமாக உட்கார இடம் வேண்டும். கைப்பேசித் திரையின் இரண்டே முக்கால் அங்குல அகலத்தில் அது திணறுகிறது.

அம்மா பத்து நாள் முயன்றார். வரிக்கு ஒன்றரைச் சொல் என்றால் பக்கத்தை எத்தனை முறை தள்ள வேண்டும்? நிதானமாகப் படிப்பவர் என்பதால், பக்கம் முடிவதற்குள் திரை மங்கி அணைந்துவிடும். கட்டைவிரல் ஓரத்தில் பட்டால் பக்கம் தாவிவிடும். திரும்பி வர வழி தெரியாது. “கதை நகரவே இல்லையப்பா” என்று சொல்லி என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனிப் படிக்கவே முடியாது என்று அவர் முடிவு செய்துவிட்டாரோ என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகுதான் மகள் தன் சம்பளத்தில் ஆறு அங்குல மின்வாசிப்பான் ஒன்றை வாங்கினாள். விலை, எனக்கு வரும் வைப்பு நிதி ஓய்வூதியத்தில் நாலைந்து மாதத் தொகை. விலை அதிகம் என்று அந்த வாசகர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பதினெட்டுப் பாயிண்டில் இதில் வரிக்கு இரண்டு சொற்கள் முழுதாக அடங்குகின்றன. ஒன்றரைக்கும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, எழுத்துக் கூட்டுவதற்கும் கதை படிப்பதற்கும் உள்ள வேறுபாடு.

அம்மா இப்போது காலையில் வாசல் திண்ணையில் வெயிலில் உட்கார்ந்து படிக்கிறார். வெயிலில் கைப்பேசித் திரையில் நம் முகம்தான் தெரியும். இந்தத் திரையில் எழுத்து இன்னும் துலக்கமாகிறது. காரணம் எளிது. இதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கின்றன. மின்னூட்டம் எந்தத் துகளை மேலே இழுக்கிறதோ அந்த நிறம் தெரியும். மேலே வந்த துகள் அங்கேயே நிற்கும், பக்கம் திருப்பும்போதுதான் மறுபடி மின்சாரம் தேவை. தாளைப் போலவே, மேலே விழும் வெளிச்சத்தில்தான் இதைப் படிக்கிறோம். கண்ணுக்குள் விளக்கடிப்பது கிடையாது. ஒருமுறை சார்ஜ் செய்தால் அம்மாவுக்கு மூன்று வாரம் வருகிறது. அழைப்பு வராது, குறுஞ்செய்தி வராது. படிக்கும்போது திரை அணைவதும் இல்லை.

இந்தக் கருவிகள் தமிழைச் சரியாகக் காட்டுவதற்கே பல ஆண்டுகள் பிடித்தன என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். 2012-ல் என் அக்கா மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு மின்வாசிப்பானைக் கொண்டுவந்தான். ஆசையோடு ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்தோம். ‘பெண்’ என்ற சொல்லில் பகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, அதைத் தாண்டிப் போய் ணகரத்தின் பக்கத்தில் நின்றது. பக்கம் முழுவதும் அப்படித்தான். ஈய எழுத்துக் காலத்தில் ‘கொ’ என்று கோக்க வேண்டுமானால், முதலில் கொம்பை எடுப்போம், பிறகு ககரத்தை, பிறகு காலை. கண் பார்க்கும் வரிசையும் கை கோக்கும் வரிசையும் ஒன்று. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் முதலில் மெய்யெழுத்தும் அதன் பின்னால் உயிர்க்குறியும் ஒலி வரிசையில் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது திரையில் காட்டும் மென்பொருளின் பொறுப்பு. அன்றைய கருவிக்கு அது தெரியவில்லை. 2007-ல் அமெரிக்காவில் வெளிவந்த அமேசான் நிறுவனத்தின் மின்வாசிப்பானான கிண்டிலில் தமிழ் நூல்கள் முறையாக விற்பனைக்கு வந்தது 2016-ன் கடைசியில்தான். அதற்குள் தமிழில் மின்னூல் படிக்க விரும்பியவர்கள் கைப்பேசிக்குப் பழகிவிட்டார்கள். மின்வாசிப்பான் நமக்கு அந்நியமாகத் தெரிவதற்கு விலை மட்டும் காரணம் இல்லை, இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

கைப்பேசியில் படிப்பவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். திருநகரிலிருந்து பெரியார் பேருந்து நிலையம் போகும் பஸ்ஸில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் ஒரு பெண், கம்பியில் சாய்ந்துகொண்டு ஒரு கையால் படித்துக்கொண்டே வருவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அவருக்கு இருபது வயதுக் கண்; எழுத்து பத்துப் பாயிண்ட் இருந்தால் போதும், வரிக்கு மூன்று நான்கு சொற்கள் வந்துவிடும். இரவுக் காவலில் இருப்பவருக்கும் இருட்டில் வெளிச்சம் தரும் திரைதான் துணை. நானே சிறுகதையைக் கைப்பேசியில் படிப்பதுண்டு. வெண்பா படிப்பதில்லை. நாற்சீர் அடி மூன்றாம் சீரில் மடங்கிக் கீழே விழுந்தால் ஓசை போய்விடுகிறது.

ஆனால் எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாத ஒன்று இருக்கிறது. நூலைப் பக்கப் படமாக எடுத்து, பி.டி.எஃப். ஆக்கி, அதையே மின்னூல் என்று கொடுப்பது. டெம்மி என்று அச்சகத்தில் சொல்லும் அளவு நூலின் அகலம் ஏறக்குறைய ஐந்தரை அங்குலம். ஆறு அங்குல மின்வாசிப்பானின் திரை, மூலைக்கு மூலை அளந்தால்தான் ஆறு, அகலம் 3.6 அங்குலமே. பதினோரு பாயிண்டில் அச்சான நூலின் படத்தை அதில் போட்டால் எழுத்து ஏழு பாயிண்டுக்குச் சுருங்கும். கைப்பேசியில் போட்டால் ஐந்தரை. அடிக்குறிப்புக்குக்கூட நாங்கள் எட்டுக்குக் கீழே போனதில்லை. விரல்களால் விரித்துப் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ள வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களைச் சேர்த்துவரும் நூலகம் தளத்திலும் கிடைக்கும் பழைய நூல்கள் பெருஞ்செல்வம். அவை அழியாமல் காக்கப்பட்டதற்குக் கைகூப்புகிறேன். பாதுகாப்பதற்குப் படம் வேண்டும். அம்மா படிப்பதற்கு எழுத்து வேண்டும்.

இதை முன்பே உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கி 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் ஊதியமில்லாமல் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றியிருக்கிறார்கள். 2013-ல் வந்த ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில், கருவிக்கு ஏற்ப வரி மடங்கும் வடிவத்தோடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாக அமைத்த பி.டி.எஃப்.பும் தருகிறார்கள். அம்மாவின் கருவியில் இருக்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட நூல்களில் பெரும்பகுதி இந்த இரண்டு இடங்களிலிருந்து வந்தவை. ஒரு ரூபாய் செலவில்லை.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. தமிழ்ப் பதிப்பாளர்கள் மின்னூலைப் படமாகத் தராமல் எழுத்தாகத் தர வேண்டும், தருவதற்கு முன் ஒருவர் அதைக் கைப்பேசியிலும் மின்வாசிப்பானிலும் பெரிய எழுத்தில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். அடுத்தது பொது நூலகத் துறைக்கு. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் பெரிதாகத் திறக்கப்பட்டது. என் அம்மாவின் வயதில் இருப்பவர்கள் அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போக முடியாது. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கிளை நூலகம் ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு மின்வாசிப்பான்கள் இருக்கட்டும். அரசுடைமையான, அதாவது அரசு உரிமை பெற்றுப் பொதுவாக்கிய நூல்களை அதில் நிரப்பி, அறுபது வயது கடந்த உறுப்பினர்களுக்கு நூலைப் போலவே பதினைந்து நாள் இரவல் கொடுக்கலாம். தனி மனிதனுக்கு நாலு மாத ஓய்வூதியமாகத் தெரியும் விலை, நூறு பேர் கை மாறும்போது பெரிதாகத் தெரியாது.

அம்மா சென்ற மாதம் ஒரு நூலைக் கேட்டார். அவர் திருமணத்துக்கு வந்த பரிசு அது, எப்போதோ இரவல் போய்த் திரும்பவில்லை. அரசுடைமையான எழுத்தாளர் ஒருவருடையது. தேடியதில் படமாகத்தான் கிடைத்தது. 1978-ன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு. லையும் னையும் யானைத் துதிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கின்றன. அவற்றை இன்றைய வடிவில் நானே தட்டச்சு செய்துவருகிறேன். 212 பக்கத்தில் 140 முடிந்தது. முடித்த பகுதியை ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவின் கருவியில் ஏற்றுகிறேன், அடுத்த புதன்கிழமைக்குள் படித்துவிட்டு மீதி எங்கே என்கிறார்.

தன் தட்டச்சைத் தானே திருத்தக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. எழுதிய கண்ணுக்குப் பிழை தெரியாது. திருநகர்ப் பக்கம் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய வாசகர் யாரேனும் இருந்தால், மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெய்ப்புப் பார்க்க வர வேண்டும். பஸ்ஸில் நாவல் படிக்கும் அந்த இளைஞர் வந்தால் இன்னும் மகிழ்வேன். என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
திருநகர், மதுரை.