மேடை நடுவில் யார் நிற்பது?

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்தது. காலையில் நடக்க ஆரம்பித்திருக்கிறாய் என்பது நல்ல செய்தி, மழை வந்தாலும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். பேத்தி எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டாள், தரையில் ஒரு சாமான் வைக்க முடியவில்லை.

2012 ஒலிம்பிக் விழாக்களைப் பேரன் யூடியூபில் போட்டுக் காட்டியதாக எழுதியிருந்தாய். நிறைவு விழாதான் விழா, ஒரே ராத்திரியில் அத்தனை பெரிய பாடகர்களையும் ஏற்றிவிட்டார்களே என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து, உனக்குப் பதில் எழுத வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. விழாக்கள் நடந்த ஸ்ட்ராட்ஃபோர்ட் மைதானம் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அந்தக் கோடை முழுக்க இங்கே பால்கடையில்கூட இதே பேச்சுதான்.

ஆட்களை எண்ணினால் நீ சொல்வது சரி. ஆகஸ்ட் 12 ராத்திரி ஸ்பைஸ் கேர்ள்ஸ் கறுப்பு டாக்சிகளின் மேல் நின்று வந்தார்கள். பெட் ஷாப் பாய்ஸ், மேட்னஸ், ஆனி லெனாக்ஸ், டேக் தட், கடைசியில் தி ஹூ. திரையில் மறைந்த குவீன் குழுப் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி தோன்றிக் குரல் கொடுக்க, மைதானமே திருப்பிக் குரல் கொடுத்ததே, அந்த இடத்தில் எனக்கும் கண் நிறைந்துவிட்டது. சான்சிபாரில் பிறந்து பஞ்ச்கனியில் படித்த பார்சிப் பையன். உன் அறையில் அந்தக் கேசட் நாடா சிக்கும் போதெல்லாம் பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிக் கேட்டோமே, அந்தக் குரல்.

ஆனால் அந்த விழாவில் பெயர்களைத்தான் முதலில் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. தி ஹூ குழுவின் டிரம்மர் கீத் மூன் விழாவுக்கு வர முடியுமா என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டார்களாம். அவர் 1978-லேயே இறந்துவிட்டார் என்று அந்தக் குழுவின் மேலாளர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு இது வருத்தமாக இருந்தது. ஒருவருடைய வாசிப்பைக் காதால் கேட்டு, அது நமக்கு வேண்டும் என்று நினைத்துக் கூப்பிட்டிருந்தால் இப்படி நடந்திருக்காது. டேவிட் போவி வரவில்லை. அவர் பாட்டுகளை ஒலிக்கவிட்டு மாடல்களை நடக்க வைத்தார்கள். ஜார்ஜ் மைக்கேல் இரண்டாவதாகத் தன் புதுப் பாட்டைப் பாடினார். முந்தின குளிர்காலம் வியன்னாவில் நிமோனியா வந்து சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பியவர், அந்த அனுபவத்தில் பிறந்த பாட்டு அது. அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அன்று ஊருக்குப் போகப் பெட்டி கட்டி நிற்கிற வீரர்களுக்கு அந்தப் பாட்டு எதற்கு?

சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்கிறார்கள் இல்லையா? நாயனக்காரர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் அந்த நேரத்துக்கு மல்லாரிதான். நேரம் கேட்கிற பாட்டு முதலில், வித்வான் அப்புறம். ஜூலை 27 தொடக்க விழாவில், அதை இயக்கிய சினிமா இயக்குநர் டேனி பாயில் அப்படித்தான் செய்தார் என்று நினைக்கிறேன். இசைப் பொறுப்பை அண்டர்வேர்ல்ட் குழுவின் ரிக் ஸ்மித்திடம் கொடுத்தார். 1996-லேயே தன் படத்தில் அவர்கள் இசையை வைத்தவர், ஒருவர் காது ஒருவருக்குத் தெரியும். மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற போ பகுதியில் வளர்ந்த ராப் பாடகர் டிஸ்ஸி ராஸ்கலைப் பாட வைத்தார். எங்கள் தெருப் பையன்கள் அன்று போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. ரஹ்மானிடம் ஒரு பஞ்சாபிப் பாட்டு வாங்கினார். இளையராஜா பாட்டு ஒன்றும் பட்டியலில் இருப்பதாகச் செய்தி வந்து, நீ நடுராத்திரியில் எனக்குப் போன் போட்டது நினைவிருக்கிறதா? கடைசியில் பால் மெக்கார்ட்னி. தொடக்கத்தில் பதிவுக் குரலும் நேரடிக் குரலும் முட்டிக்கொண்டாலும், ‘ஹே ஜூட்’ வந்ததும் ஊரே சேர்ந்து பாடியது. மேடை ஏறிய பெரிய பாடகர்களுக்குச் சம்பளம் ஒரே ஒரு பவுண்டு, அதுவும் ஒப்பந்தம் செல்ல வேண்டும் என்பதற்காக.

ஆனால் நீ மறுபடி பார்க்க வேண்டியது எமிலி சாண்டே பாடிய இடத்தை. லண்டனுக்கு ஒலிம்பிக் கிடைத்ததாக சிங்கப்பூரில் அறிவித்தது 2005 ஜூலை 6. மறுநாள் காலை ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 பேர் செத்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த இரண்டு நாளையும் பிரித்து நினைக்கத் தெரியாது. விழாவில், பார்வையாளர்கள் இழந்த சொந்தங்களின் படங்களைக் காட்டிவிட்டு, அக்ரம் கான் குழு ஆட, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் அந்தப் பெண் ‘அபைட் வித் மீ’ என்ற கிறிஸ்தவப் பாட்டைப் பாடினார். காந்திக்குப் பிடித்த பாட்டு. டில்லியில் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் பல வருஷம் வாசித்த மெட்டு. இங்கே கால்பந்துக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன்னால் 1927 முதல் பாடுகிறார்கள். எமிலியின் முதல் ஆல்பம் வந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்த இடத்தில் பெரிய நட்சத்திரம் நின்றிருந்தால் நாம் நட்சத்திரத்தைப் பார்த்திருப்போம். இவர் பாடும்போது செத்தவர்களைத்தான் நினைத்தோம். அமெரிக்கத் தொலைக்காட்சி இந்தப் பகுதியை வெட்டிவிட்டது என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்னொரு விழா இருக்கிறது, அதை நீ பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஆகஸ்ட் 29, பாராலிம்பிக் தொடக்கம். அதை இயக்கிய இருவரில் ஒருவரான ஜென்னி சீலி காது கேளாதவர். அன்று பாடகர் இயன் டூரியின் பாட்டு ஒன்றை அந்த மைதானத்தில் பாட வைத்தார்கள். டூரிக்குச் சிறுவயதில் இளம்பிள்ளை வாதம். 1981-ஐ ஊனமுற்றோர் ஆண்டு என்று ஐ.நா. அறிவித்திருந்தபோது, அந்த இரக்கம் தனக்கு வேண்டாம் என்று, உலகம் தன்னைத் திட்டுகிற சொல்லையே எடுத்துப் பாட்டாக்கினார். மாலை ஆறு மணிக்கு முன் அதை ஒலிபரப்ப மாட்டோம் என்றது பிபிசி. அவர் 2000-இல் இறந்துவிட்டார். 31 வருஷம் கழித்து, மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள் சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் அந்தப் பாட்டை முழுத் தொண்டையில் பாடினார்கள்.

உனக்கு என் தங்கையைத் தெரியும். அவள் பாட்டும் தெரியும். எட்டாவது படிக்கும்போது பள்ளி விளையாட்டு விழாவில் கடவுள் வாழ்த்து அவள்தான். ஆனால் காலில் கேலிப்பருடன், அந்த இரும்புத் தாங்கியோடு, மேடையில் நின்றால் நன்றாக இருக்காது என்று, திரைக்குப் பின்னால் உட்கார வைத்து மைக்கைக் கொடுத்தார்கள். முன்னால் இன்னொரு பெண்ணைக் கைகூப்பி வாயசைக்க விட்டார்கள். அப்பா அன்று சாப்பிடவில்லை. நானும் நீயும் கடைசி வரிசையில் இருந்தோம், ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்தோம்.

அந்த ஆகஸ்ட் ராத்திரி நிகழ்ச்சி முடிந்ததும், ஊரில் என்ன மணி என்றுகூடப் பார்க்காமல் அவளுக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நடுவுலயா நின்னு பாடினாங்க?” என்றாள். நடுவில்தான் என்றேன். “லைட்டு அவங்க மேலயா?” என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

பேரனிடம் சொல்லி அதையும் தேடிப் போடச் சொல். முடிந்தால் என் தங்கை வீட்டுக்குப் போய் அவளோடு உட்கார்ந்து பார். உன்னைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்