சட்டையில் இரண்டு குறிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நீலகிரியின் வெலிங்டன் பாரக்ஸ் (பட்டாளக் குடியிருப்பு) பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊர். ஜக்கதளா என்ற படுகர் கிராமத்தின் பெயரால் அறியப்பட்ட இடம் 1860-ல் வெலிங்டன் ஆன கதை, பாரக்ஸ் கட்டடத்தின் அமைப்பு, ஊட்டி கிளப், வேட்டை, நடன விருந்து எல்லாம் நன்றாகவே வந்திருந்தன. ஆனால் அங்கே இருந்த வெள்ளைக்கார சோல்ஜர்கள் ராஜபோகமாக வாழ்ந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்திருந்தது மனதை உறுத்தியது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் தாத்தாவின் அப்பா அந்தப் பாரக்ஸுக்குத் துணி வெளுத்தவர். அவரைத்தான் பெரிய தாத்தா என்போம். 1905 வாக்கில் தாத்தா சிறு பையன். அப்பாவோடு மூட்டை தூக்கப் போனவர். சோல்ஜர்களைப் பற்றி எங்கள் வீட்டில் நான் கேட்ட கதைகளில் கிளப்பும் கிடையாது, நடனமும் கிடையாது. அதெல்லாம் அதிகாரிகளுக்கு. சாதாரண காலாட்படைக்காரன் கிளப் வாசற்படி ஏற முடியாது.

அவன் யார்? பெரும்பாலும் இங்கிலாந்து, அயர்லாந்து ஊர்களில் வேலை கிடைக்காமல் பட்டாளத்தில் சேர்ந்த ஏழைப் பையன். பிரிட்டிஷ் பட்டாளத்தின் 1881 சீர்திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் இரண்டு பட்டாலியன்கள். ஒன்று தாய்நாட்டில், மற்றது கடல் கடந்து. தாய்நாட்டுப் பட்டாலியனில் பயிற்சி முடித்த பையன்களை ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கப்பலேற்றி இந்தப் பக்கம் அனுப்புவார்கள். வந்தால் ஐந்தாறு வருஷம், சிலருக்கு அதற்கும் மேலே. நடுவில் ஊருக்குப் போய்வர லீவு கிடையாது. அம்மா செத்த செய்தி வந்து சேரும்போது அவளைப் புதைத்து வாரக்கணக்கில் ஆகியிருக்கும்.

சம்பளம் நாளுக்கு ஒரு ஷில்லிங். அன்றைய மதிப்பில் 12 அணா, மாதம் இருபத்திரண்டரை ரூபாய். அதிலேயே சாப்பாட்டுச் செலவு, துணி வெளுக்க, முடிவெட்ட, பாரக்ஸில் எதையாவது உடைத்தால் அதற்கு என்று பிடித்தம் போகும். நம் சிப்பாய்க்கு அப்போது மாதம் 9 ரூபாய், சாப்பாடும் அவன் பொறுப்பு. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

வெலிங்டனுக்கு வந்தவன் கொடுத்துவைத்தவன். சமவெளியில் காய்ச்சலில் துவண்டவர்களைத் தேற்றி எடுக்கத்தான் இங்கே அனுப்பினார்கள். பெல்லாரியிலோ செகந்திராபாத் பக்கம் திருமலகிரியிலோ கிடந்தவன் நிலைமை வேறு. கோடையில் விடிவதற்கு முன்னால் ஒரு குவளை டீ, வெயில் ஏறும் முன்பே டிரில். காலை ஒன்பது மணிக்கெல்லாம் உள்ளே போனால் சாயங்காலம் வரை பாரக்ஸை விட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. கட்டிலில் படுத்தபடி சீட்டாடுவது, தூங்குவது, அடித்துக்கொள்வது. எட்டு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் இருபது வயசுப் பையனுக்கு என்ன ஆகும்? சாயங்காலம் கேன்டீன் திறந்ததும் பீர்தான் கதி. நாசிக் பக்கத்தில் தேவ்லாலி என்று ஒரு முகாம்; காலம் முடிந்தவர்கள் கப்பலுக்காக அங்கே வாரக்கணக்கில் சும்மா காத்திருப்பார்கள். புத்தி பேதலித்துப்போவதற்கு அந்த ஊர்ப் பெயரே இங்கிலீஷ்காரர்களின் பேச்சில் வழக்காகிவிட்டது என்றால் அங்கே காத்திருந்தவர்கள் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

நம் சொல் ஒன்றும் அவர்கள் பேச்சில் உண்டு. பட்டாளத்து லாக்கப்பை அவர்கள் 'கஞ்சி ஹவுஸ்' என்பார்கள். உள்ளே போனவனுக்குக் கஞ்சிதான் என்பதால் வந்த பெயர். ஜெயிலுக்குப் போவதை நாம் களி தின்பது என்கிறோமே, அதே கணக்கு.

சரி, துணிக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

சோல்ஜரின் சட்டை சாம்பல் நிற ஃபிளானல். அதை வெள்ளாவியில் வைக்க முடியாது, சுருங்கிவிடும். பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பச்சைத் தண்ணீரில் கசக்க வேண்டும். படுக்கை விரிப்பும் காக்கி டிரில் துணி உடுப்பும்தான் கல்லில் அடிபடும். ஆடி மாசத்து மூடுபனியில் மூன்று நாள் ஆனாலும் ஒன்றும் காயாது. கொட்டகைக்குள் கரிக் கணப்பு மூட்டி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஒவ்வொரு துணியாகப் போர்த்திக் காயவைப்பார்கள். தாத்தாவின் வேலை அந்தக் கூடைப் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பது. ஒரு பொறி பட்டால் போச்சு. கிட் இன்ஸ்பெக்ஷன் அன்று கட்டிலின்மேல் ஒவ்வொரு சாமானும் வரிசையாக இருக்க வேண்டும். ஒரு சட்டை குறைந்தாலும் சோல்ஜர் சம்பளத்தில் பிடிப்பார்கள், அவன் அதை தோபியிடம் பிடிப்பான்.

துணியில் பட்டாள நம்பர் அச்சடித்திருக்கும். பெரிய தாத்தாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அவருக்கு வண்ணான் குறிதான். சேங்கொட்டையைக் குத்தி, வரும் பாலைக் குச்சியில் தொட்டுக் குறி போட்டு, மேலே சுண்ணாம்பு தடவினால் கறுத்துப்போய் துணி கிழியும் வரை அழியாது. கையில் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். ஆளுக்கு ஒரு குறி: இரண்டு புள்ளி ஒரு கோடு, ஒரு கொக்கி, குறுக்கே வெட்டிய வட்டம். எல்லாக் குறிகளையும் ஒரு நீளத் துணிப்பட்டையில் போட்டு வைத்திருந்தார். அதுதான் அவருடைய ரிஜிஸ்டர்.

சோல்ஜர் யாராவது செத்துப்போனால் அவனுடைய சட்டை, பூட்ஸ், சாமான்களைக் கூட்டாளிகளுக்குள்ளேயே ஏலம் விடுவார்கள். கொஞ்ச நாளில் அந்தச் சட்டை வேறொருவன் மூட்டையில் வெளுக்க வரும். பெரிய தாத்தா பழைய குறிக்குப் பக்கத்தில் புதுக் குறியைப் போடுவார். பழையதைக் கோடு போட்டு அடிக்க மாட்டாராம். இரண்டு குறி உள்ள சட்டை வந்தால் யாரும் எதுவும் பேசாமல் தனியாக எடுத்து வைப்பார்கள் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். மூன்று குறியோடு ஒரு சட்டையை அவர் பார்த்திருக்கிறார்.

அவர் காலத்தில் சாவு எவ்வளவோ குறைந்துவிட்டது. 1863-ல் அரசு விசாரணைக் குழு கொடுத்த அறிக்கைப்படி, இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தில் அதற்கு முந்தைய காலத்தில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் செத்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சண்டையில் சாகவில்லை. காலரா, சீதபேதி, காய்ச்சல், சாராயம்தான் காரணம். காலரா வந்தால் பட்டாளமே பாரக்ஸைக் காலி செய்து வெளியே கூடாரம் போடும். அங்கேயும் ஒருவன் விழுந்தால் அடுத்த இடத்துக்கு நகரும். கூடவே தோபி, சமையல்காரர், தண்ணீர் தூக்குபவர், தோட்டி எல்லோரும் நகர வேண்டும். அவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று அந்த ஆயிரத்துக்கு 69-ல் இல்லை.

கல்யாணம் செய்யவும் அனுமதி வேண்டும், வெகு சிலருக்கே கிடைக்கும். மற்றவர்களுக்காகப் பட்டாளத்துக் கடைத்தெருவில் பெண்களைப் பதிவு செய்து வைத்தார்கள். 1864 கண்டோன்மென்ட் (பட்டாளக் குடியிருப்புப் பகுதி) சட்டத்தின் பேரில் அந்தப் பெண்களைக் கட்டாயப்படுத்திப் பரிசோதித்தார்கள், நோய் இருந்தால் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். சோல்ஜர்மேல் அந்தச் சட்டம் பாயவில்லை. ஊட்டி பக்கம் லவ்டேலில் இப்போது இருக்கும், 1858-ல் ஆரம்பித்த லாரன்ஸ் பள்ளி சோல்ஜர்களின் பிள்ளைகளுக்காகத்தான். கண்டோன்மென்ட் பெண்கள் பெற்ற பிள்ளைகள் எத்தனை பேருக்கு அதில் இடம் கிடைத்திருக்கும்?

சோல்ஜர் பாவப்பட்டவன் என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. கூரையில் தொங்கும் துணி விசிறியான பங்காவைக் கயிற்றால் இழுப்பவர் தூங்கிவிட்டால் அவர்மேல் பூட்ஸ் பறக்கும். உதைத்து அவர் செத்தால், மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்ததுதான் காரணம் என்று டாக்டர் எழுதுவார், சோல்ஜர் லேசான தண்டனையோடு தப்பிப்பான். 1899-ல் ரங்கூனில் மேற்கு கென்ட் ரெஜிமென்ட் சோல்ஜர்கள் ஒரு பர்மியப் பெண்ணைக் கூட்டமாகச் சீரழித்தார்கள். விசாரணையில் யாருக்கும் தண்டனை இல்லை. ஆத்திரப்பட்ட வைஸ்ராய் கர்சன் அந்த ரெஜிமென்ட்டையே ஏடனுக்கு அனுப்பினார். சொந்த ஊரில் யாரும் மதிக்காத பையனுக்கு இங்கே வந்ததும் கீழே நாலு பேர் கிடைத்தார்கள். படுத்திருக்கும்போதே வந்து சவரம் செய்துவிட்டுப் போக நாவிதர், பூட்ஸ் துடைக்க ஒரு பையன். அதுதான் கட்டுரை சொல்லும் ராஜபோகம் என்றால், அதைத் தூக்கிச் சுமந்தவர்களையும் எழுதியிருக்க வேண்டும்.

1914-ல் சண்டை வந்தபோது அந்தப் பழைய பட்டாளத்தில் பெரும்பகுதியைச் சில மாதங்களுக்குள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். எங்கள் பெரிய தாத்தாவுக்கு இரண்டு மாதக் கூலி பாக்கி. கேட்க ஆள் இல்லை. வெளுத்து மடித்த துணி கொஞ்சம் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஃபிளானல் சட்டைகளைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் குளிருக்குத் தைத்துப் போட்டார்களாம். பிரான்ஸுக்குப் போன அந்தப் பையன்களில் யார் திரும்பி வந்தார்கள் என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இவர்களுக்கும் அவர்கள் பேர் தெரியாது, குறிதான் தெரியும்.

தங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். வெலிங்டன், பரங்கிமலை, பெங்களூர், கண்ணனூர் பாரக்ஸ்களில் தோபி, நாவிதர், சமையல்காரர், பங்கா இழுப்பவர், ஆயா என்று வேலை பார்த்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பேரன் பேத்திகளுக்கு எழுபது வயசு தாண்டிவிட்டது. அவர்களைத் தங்களுக்கு எழுதச் சொல்லி ஓர் அறிவிப்பு போடுங்கள்.

அந்தத் துணிப்பட்டை என்னிடம் இருக்கிறது. ஒரு முழ நீளம், நாற்பத்தொரு குறிகள். படம் எடுத்து அனுப்பத் தயார். தபாலில் மட்டும் அனுப்ப இயலாது, மடிப்பில் நூல் விட்டுப்போகிறது. யாராவது நேரில் வந்தால் மேஜையில் விரித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வெலிங்டன், நீலகிரி.